ரோமில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, செலியாக் இருக்கிறது, எங்கே எப்படிச் சாப்பிடுவது?

முத்துநகர்ப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது ஜெர்மனியில் ஆஹன் நகரத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அக்டோபரில் ரோமுக்கு மலிவாக விமானச் சீட்டு கிடைத்தது, யோசிக்காமல் போட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் போய் இறங்கி, திங்கட்கிழமை அதிகாலை திரும்புகிறேன். ஊர் சுற்ற முழுசாகக் கிடைப்பது ஞாயிறு ஒரு நாள்தான்.

எனக்கு செலியாக் என்ற குடல் நோய் என்று உறுதியாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. கல்லூரிக் காலம் முழுக்க ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்தேன், எத்தனை விழுங்கினாலும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாது. இங்கே வந்த பிறகுதான் ஒரு டாக்டர் ரத்தத்தில் அந்தக் குறிப்பிட்ட பரிசோதனையை எழுதிக் கொடுத்து, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுக்கக் கூடாது என்று சொன்னார்.

ஜூனில் நண்பர்களோடு வேறொரு நகரத்துக்குப் போயிருந்தோம். சாலட் கேட்டேன், மேலே வறுத்த ரொட்டித் துண்டுகளோடு வந்தது, திருப்பிக் கொடுத்தேன், துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் படுத்த படுக்கை, ஒரு பரீட்சையும் போனது. அதன் பிறகு வெளியில் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. அம்மா அனுப்பும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, என் ரைஸ் குக்கர், இவ்வளவுதான் என் சாப்பாடு. இத்தனைக்கும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் வயிறு பழையபடி உப்பிக்கொள்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

ரோம் என்றால் பீட்சாவும் பாஸ்தாவும்தானே. கோதுமையே குடியிருக்கும் ஊருக்கு நான் போவது புத்திசாலித்தனமா என்று தோழிகள் கேட்கிறார்கள். ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகலாமா? சாப்பாட்டுக்கு நாற்பது யூரோ வரை செலவழிக்கலாம். பதினான்கு மாதமாகப் பீட்சா சாப்பிடவில்லை, உண்மையைச் சொன்னால் அந்த ஆசையில்தான் டிக்கெட் போட்டேன்.

இன்னொன்று. நாங்கள் கத்தோலிக்கர்கள். ரோமில் பூசை பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, ஆனால் நற்கருணை அப்பமும் கோதுமைதான். நான் நன்மை (பூசையில் தரும் அந்த அப்பம்) வாங்கியே பதினான்கு மாதம் ஆகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

ரோமாபுரிவாசி எழுதியது:

வாருங்கள் தங்கச்சி. நான் குமரி மாவட்டத்துக்காரன், குருவானவர், மேல்படிப்புக்காக ரோமுக்கு வந்து மூன்றாவது ஆண்டு. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றது இந்த ஊர் செலியாக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

க்ளூட்டன், அதாவது கோதுமை, பார்லி, ரையில் இருக்கும் புரதம், குறைந்த அளவே உள்ள அப்பம் என்று தனியாகவே இருக்கிறது. 2017இல் வத்திக்கானிலிருந்து ஆயர்களுக்கு வந்த கடிதத்தில் இது தெளிவாக இருக்கிறது: க்ளூட்டன் அறவே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது, குறைந்த அளவு உள்ளது செல்லும். எவ்வளவு குறைவு என்பது தயாரிப்பவரைப் பொறுத்தது, பாக்கெட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதுவும் பயமாக இருந்தால் கிண்ணத்திலிருந்து திருஇரத்தம் (அர்ப்பணித்த திராட்சை இரசம்) மட்டும் வாங்கினாலும் முழு நற்கருணைதான். ஆனால் அப்பத் துண்டு போடாத தனிக் கிண்ணமாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புனித பேதுரு பேராலயக் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டு வாங்குவது கஷ்டம். சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனுக்குச் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பங்குக் கோயிலைப் பார்த்து அரை மணி நேரம் முன்னால் போய், நம் ஊரில் கோயில்பிள்ளை என்போமே, அந்த வேலையில் இருப்பவரிடம் "சோனோ சேலியாகா" (எனக்கு செலியாக்) என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஊரில் அந்த வார்த்தையை விளக்க வேண்டிய அவசியம் இருக்காது.

தூத்துக்குடிப் பெண் ரோமுக்கு வந்து சாந்தா மரியா மஜ்ஜோரே பார்க்காமல் போகக் கூடாது. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. உங்கள் ஊர்ப் பனிமய மாதாவுக்கு மூலக்கோயில் அதுதான், இங்கேயும் திருவிழா ஆகஸ்ட் 5, அன்று உள்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பனி போலத் தூவுவார்கள். போப் பிரான்சிஸை 2025இல் அடக்கம் செய்ததும் அங்கேதான்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு "நசோனி" என்ற இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும், நகரம் முழுக்க இரண்டாயிரத்து ஐந்நூறு அளவில் இருக்கின்றன, நல்ல தண்ணீர்.

பதுவைப்பறவை எழுதியது:

எனக்கும் செலியாக், இத்தாலியில் பதுவையில் படிக்கிறேன் (அந்தோணியாரின் பதுவையேதான்). உங்கள் தோழிகள் நினைப்பது தலைகீழ். எனக்குத் தெரிந்த வரையில் ஐரோப்பாவில் செலியாக்காரர் தைரியமாகச் சாப்பிட இத்தாலியைப் போல வேறு நாடு இல்லை, காரணமே இவர்கள் இவ்வளவு கோதுமை சாப்பிடுவதுதான். வீட்டுக்கு வீடு பாஸ்தா வேகும் நாட்டில் ஒரு குழந்தைக்கு இது வந்தால் மறைத்து வைக்க முடியாது. 1979லேயே பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கிவிட்டார்கள். 2005இல் தனிச் சட்டமே வந்தது, பள்ளி, மருத்துவமனை, அரசு உணவகங்களில் கேட்டால் க்ளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும், நோய் உறுதியானவர்களுக்கு அந்த உணவு வாங்க மாதாமாதம் அரசு ஒரு தொகையும் தருகிறது. அதனால்தான் இங்கே மருந்துக்கடையிலேயே பாஸ்தாவும் பிஸ்கட்டும் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல்தடவை அதைப் பார்த்தபோது நான் கடைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அந்தச் சங்கம் (ஏஐசி) உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதித்து, பட்டியலில் சேர்க்கிறது, நாடு முழுக்க நான்காயிரத்துக்கும் மேல். அவர்களுடைய ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சிறு கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் காசுக்குத் தகும். கடைக் கண்ணாடியில் அவர்கள் ஒட்டும் வில்லையைப் பாருங்கள். வெளியில் பலகையில் சும்மா "க்ளூட்டன் ஃப்ரீ" என்று எழுதியிருப்பதும் இதுவும் ஒன்றில்லை.

பாக்கெட் உணவு என்றால் "சென்சா க்ளூதினே" என்ற வார்த்தை. அது ஐரோப்பா முழுக்கச் சட்டப்படியான சொல், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருந்தால் அச்சிடக் கூடாது. அது இல்லாத பாக்கெட்டில் பொருட்பட்டியலைப் படிக்க வேண்டும், ஒவ்வாமைப் பொருள்கள் தடித்த எழுத்தில் இருக்கும். ஃப்ருமெந்தோ என்றால் கோதுமை, ஓர்ட்ஸோ பார்லி, சேகாலே ரை. ஃபார்ரோ என்று ஒன்று சூப்பிலும் சாலட்டிலும் வரும், பார்க்கச் சிவப்பரிசி மாதிரி இருக்கும், அதுவும் கோதுமை ஜாதிதான், ஏமாந்துவிடாதீர்கள்.

காப்பிக் கடையில் இன்னொரு ஆபத்து. இங்கே பார்லியில் காப்பி போடுவார்கள், "கஃபே தோர்ட்ஸோ" என்று பெயர், குழந்தைகளும் வயதானவர்களும் விரும்பிக் குடிப்பது. சில கடைகளில் அதே இயந்திரத்தின் அதே கைப்பிடியில்தான் அதையும் இறக்குவார்கள். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பீட்சாவுக்கு நேராக ட்ராஸ்தேவெரே பகுதிக்குப் போங்கள். அங்கே மாமா ஈட் என்ற உணவகத்தில் க்ளூட்டன் இல்லாததற்குத் தனிச் சமையலறையே உண்டு. மறக்காமல் முன்பதிவு செய்யுங்கள், ஞாயிறு மதியம் இத்தாலியக் குடும்பங்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்திலேயே ஃபாத்தாமோர்கானா என்ற ஜெலாத்தோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) கடை, அங்கே எல்லாமே க்ளூட்டன் இல்லாதது, கோன் உட்பட. மற்றக் கடைகளில் கோன் வேண்டாம், கப்பில் கேளுங்கள், கழுவிய கரண்டியில் எடுக்கச் சொல்லுங்கள்.

ரைஸ் குக்கர் வேண்டாம். ஒரு வேளைக்கான ரொட்டியும் வாழைப்பழமும் பையில் இருக்கட்டும், அது போதும்.

நொய்யல்கரை எழுதியது:

ஐரோப்பிய கோதுமை நம் ஊர் மைதா மாதிரி இல்லை, பழைய ரகம், ரசாயனம் குறைவு என்று என் அண்ணன் சொன்னார், அவர் அங்கே போய்ச் சாப்பிட்டபோது வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஒரு நாள்தானே, புளிக்க வைத்த மாவில் செய்த பீட்சா கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாமே?

பதுவைப்பறவை எழுதியது:

வேண்டாம் அண்ணா, தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்கள் அண்ணனுக்கு இருந்தது வேறு ஏதாவது உபாதையாக இருக்கலாம், செலியாக்குக்கு எந்த நாட்டுக் கோதுமையும் ஒன்றுதான், புளிக்க வைத்தாலும் அப்படியே. இந்த நோய்க்குக் காரணம் கோதுமைதான் என்று கண்டுபிடித்ததே ஐரோப்பாவில். வில்லெம் டிக்கெ என்று ஹாலந்தில் ஒரு குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் போரால் அங்கே ரொட்டியே கிடைக்காமல் ஊர் முழுக்கப் பட்டினி, ஆனால் அவருடைய செலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் குழந்தைகள் மறுபடி விழுந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய ரொட்டிதான் அது.

அப்புறம், வயிறு வலிக்கவில்லை என்றால் கெடுதல் இல்லை என்று அர்த்தமில்லை. வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே குடல் தேய்ந்துகொண்டிருக்கலாம். தங்கைக்கு ஒன்பதைத் தாண்டாத ஹீமோகுளோபின் அப்படி வந்ததுதான்.

பலெர்மோ_குசினி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம், வந்த நாளிலிருந்து குசினி வேலைதான். உள்ளே என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே வந்து சிரித்துப் பேசும் வெயிட்டருக்குப் பல நேரம் அது தெரியாது.

பெரிய குசினியில் பாஸ்தாவுக்கு ஒரே தொட்டித் தண்ணீர்தான், காலையில் கொதிக்க வைத்தால் வேலை முடியும் வரைக்கும் அதிலேதான் கூடை கூடையாக இறக்கி எடுப்போம். சோளமா பாஸ்தாவை அந்தத் தண்ணீரில் அவித்தால் என்ன பிரயோசனம்? ஆகையால் நீங்கள் "க்ளூதினே இருக்கிறதா" என்று கேட்க வேண்டாம், "பென்தொலா செபராத்தா?" என்று கேளுங்கள், தனிப் பானையா என்று. பொரியல் என்றால் எண்ணெய்ச் சட்டி தனியா என்று கேளுங்கள். உருளைக்கிழங்குப் பொரியலில் கோதுமை இல்லைத்தான், ஆனால் அதே எண்ணெயில் ஐந்து நிமிடத்துக்கு முன் பாண்தூள் (ரொட்டித்தூள்) போட்ட இறால் பொரிந்திருக்கும்.

பீட்சாக் கடையில் மா காற்றிலேயே பறக்கும், அடுப்பின் தரையிலும் மா, வெட்டும் சக்கரத்திலும் மா. தனி இடம், தனி அடுப்பு இல்லாத கடையில் பீட்சா சாப்பிட வேண்டாம்.

அரிசி என்றதும் நம்பி விடாதீர்கள். ரோமில் சுப்ளி, எங்கள் பலெர்மோவில் அரஞ்சீனா, இரண்டும் சோற்று உருண்டைதான், ஆனால் மேலே பாண்தூள் பூசித்தான் பொரிப்பது. ரிசோத்தோவுக்கு ஊற்றும் சாறு கட்டிப் பொடியில் கரைத்ததென்றால் அதையும் விசாரிக்க வேண்டும். சால்திம்போக்கா என்ற இறைச்சிக்கு மெல்லிசாக மா தடவுவார்கள். மேசைக்குப் பாண் கூடை தானாக வரும், வந்ததும் எடுத்துப்போகச் சொல்லுங்கள், தூள் உங்கள் தட்டில் விழும்.

நான் கேட்க வந்த முக்கிய விஷயம் வேறு. அம்மா அனுப்பும் இட்லிப்பொடியில் பெருங்காயம் போடுகிறாவா? போன வருடம் எங்கள் முதலாளியின் மகளுக்கு, அவளுக்கும் இதே வருத்தம், பருப்பு சமைத்துக் கொடுக்கலாம் என்று வெளிக்கிட்டபோது என் மனைவி பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். கோதுமை மா என்று போட்டிருந்தது. கூட்டுப் பெருங்காயத்தை மாவிலும் கோந்திலும் கலந்துதான் கட்டியாக்குகிறார்கள், சிலது அரிசிமா, பலது கோதுமை மா. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

முத்துநகர்ப்பொண்ணு எழுதியது:

அண்ணா, இதைப் படித்ததும் ஊரில் ராத்திரி பதினொன்று என்றுகூடப் பார்க்காமல் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா டப்பாவைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பினார்கள். கோதுமை மாவு என்றுதான் இருக்கிறது. ரசப்பொடியில், பருப்புப்பொடியில், ஊறுகாயில், எல்லாவற்றிலும் அதே டப்பாதான்.

பதினான்கு மாதமாக உலகத்திலேயே பத்திரமான சாப்பாடு என்று நினைத்து அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "நானே அரைச்சு அனுப்பியிருக்கேனேடா" என்றார்கள். டாக்டர் கொடுத்த பட்டியலில் பெருங்காயம் இல்லை, அவருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. அம்மாவைச் சமாதானம் செய்யத்தான் ரொம்ப நேரமானது.

ரோமுக்குப் பொடி எதுவும் கொண்டுபோகப் போவதில்லை.

முத்துநகர்ப்பொண்ணு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

போய்விட்டு வந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எல்லோரும் மெனக்கெட்டு எழுதியதற்கு நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பையை ஹாஸ்டலில் போட்டுவிட்டு நேராகப் பனிமய மாதாவைப் பார்க்கப் போனேன். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன், அம்மா அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டார்கள். பிறகு ஃபாதர் சொன்னபடி ஹாஸ்டலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கோயிலுக்கு அரை மணி நேரம் முன்பே போய், பூக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் "சோனோ சேலியாகா" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போய், உறையில் தனியாக வைத்திருந்த அப்பத்தைக் கொண்டுவந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார், 20க்குக் கீழே என்று இருந்தது. மூடியிருந்த ஒரு சின்னக் கிண்ணத்தில் என் கண்முன்னாலேயே போட்டு வைத்தார். என் முறை வந்தபோது சாமியார் அந்தக் கிண்ணத்தைத் தனியாகத் திறந்தார். இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு என்னால் பாட்டுப் பாட முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புனித பேதுரு பேராலயம் திறக்கும்போதே போய்விட்டேன். தெர்மினியிலிருந்து ஒத்தாவியானோ வரை மெட்ரோ, ஒன்றரை யூரோ. அந்த நேரத்தில் வரிசையே இல்லை. மிக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதா, மடியில் இறந்த மகன், 1499இல் முடித்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயதுதானாம், என் வயது. பன்னிரண்டு மணிக்குப் போப் ஜன்னலுக்கு வந்து மூவேளைச் செபம் சொல்லும் வரை சதுக்கத்துத் தூண் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியையும் பழத்தையும் சாப்பிட்டேன். காப்பி வாங்கவில்லை. ஒரு கடையில் கேட்டேன், பார்லிக் காப்பிக்கும் அதே கைப்பிடிதான் என்று அந்த அம்மா நேராகச் சொல்லிவிட்டு, தண்ணீரை மட்டும் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் ஆற்றுப் பக்கமாகவே ட்ராஸ்தேவெரேக்கு நடந்தேன், அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, வழியெல்லாம் ஆரஞ்சு நிறச் சுவர்களும் கொடிகளும். மாமா ஈட்டில் ஒரு மணிக்கு இடம் சொல்லி வைத்திருந்தேன். பலெர்மோ அண்ணா எழுதிய கேள்விகளைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன், வெயிட்டர் வாங்கிப் படித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்: அடுப்பு தனி, மாவு பிசையும் இடம் தனி, எண்ணெய் தனி. மார்கரீத்தாவே கேட்டேன், தக்காளி, மொத்ஸரெல்லா, துளசி மாதிரி ஒரு இலை, அவ்வளவுதான். முதல் துண்டை எடுத்தபோது ஓரம் உப்பிக் கருகி, மடித்தால் உடையாமல் மடிந்தது. ஜெர்மனியில் உறைய வைத்து விற்கும் க்ளூட்டன் இல்லாத பீட்சாவை ஒருதடவை வாங்கி, அட்டை போலிருந்ததால் பாதியில் தூக்கிப் போட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. பக்கத்து மேசையில் ஒரு தாத்தா, பாட்டி, ஏழெட்டுப் பேரப்பிள்ளைகள், அதில் ஒரு பையனுக்கு மட்டும் செலியாக் போல, அவன் தட்டை மட்டும் வெயிட்டர் சொல்லிச் சொல்லி வைத்தார். அந்தப் பையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஜெலாத்தோ கோனிலேயே வாங்கினேன், பிஸ்தாவும் அத்தியும், கோனின் கடைசி நுனி வரை.

மாலையில் கொலோசியம். உள்ளே போகவில்லை, சீட்டு முன்பே தீர்ந்துவிட்டது, சுற்றி வந்து பார்த்ததே போதுமாக இருந்தது. கி.பி. 80இல் திறந்தது, ஒரு பக்கம் இடிந்தும் இன்னும் அப்படி நிற்கிறது. அங்கே சண்டை போட்ட கிளாடியேட்டர்களைப் "பார்லி தின்பவர்கள்" என்று அழைப்பார்கள் என பிளினி என்ற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கிறாராம். பார்லியும் அவரையும்தான் அவர்கள் சாப்பாடு. அந்தக் கூட்டத்தில் என்னைப்போல ஒருவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன், ஏன் மெலிகிறோம் என்று தெரியாமலேயே போயிருப்பான். பக்கத்தில் ரோமானிய மன்றத்தின் இடிபாடுகள், அங்கே மிளகுக்கென்றே கிடங்கு கட்டி வைத்திருந்தார்களாம். யவனர்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து ஏற்றிப்போனதாகப் பள்ளியில் படித்தோமே, அந்த மிளகு வந்து இறங்கிய இடம்.

ராத்திரி அந்தப் பகுதியில் ஒரு உணவகம், பெயர் வேண்டாம், வாசலில் பெரிதாக "க்ளூட்டன் ஃப்ரீ" பலகை. உட்கார்ந்து, தனிப் பானையா என்று கேட்டேன். "பாஸ்தா வேறு, அதனால் பரவாயில்லை" என்றார். பானை, பானை என்று மறுபடி கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரே தண்ணீர்தான் என்றார். நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஜூனில் எனக்கு அந்தக் கேள்வியே தெரியாது, சாப்பிட்டிருப்பேன். நடந்து போகும் வழியில் ஒருவர் இரும்புத் தட்டில் செஸ்ட்நட் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார், வேறு எதுவும் அந்தத் தட்டில் போடுவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு பொட்டலம் வாங்கினேன், கை சுடச் சுட உரித்துத் தின்றுகொண்டே தெர்மினி வரை வந்தேன். நிலையத்து சூப்பர் மார்க்கெட்டில் "சென்சா க்ளூதினே" ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, திராட்சை. மொத்தச் செலவு முப்பத்தி நான்கு யூரோ.

பதுவைப்பறவை எழுதியது:

எழுந்து வந்தீர்களே, அதுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு அந்தத் தைரியம் வர இரண்டு வருடம் ஆனது. அடுத்தமுறை பதுவைக்கு வாருங்கள்.

ரோமாபுரிவாசி எழுதியது:

அந்தப் பெரியவர் எந்தக் கோயில் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள் தங்கச்சி, நான் போய் உங்கள் சார்பில் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன்.

பலெர்மோ_குசினி எழுதியது:

நல்லது தங்கச்சி. பெருங்காயம் என்ன ஆனது? அம்மா என்ன செய்கிறா?

முத்துநகர்ப்பொண்ணு எழுதியது:

அரிசி மாவு போட்ட பெருங்காயம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள் அண்ணா, ஆனாலும் பழைய பயம் போகவில்லை, இந்தத் தடவை பெருங்காயமே போடாமல் பூண்டும் கறிவேப்பிலையும் அதிகமாக வறுத்துப் போட்டு, கழுவிக் காயவைத்த மிக்சியில் அரைத்து அனுப்பியிருக்கிறார்கள். டப்பா மேல் பேனாவால் என்னென்ன சேர்த்தது என்று பட்டியலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், உப்பு உட்பட. ஐந்து வாரமாக வயிறு ஒரு நாள்கூட உப்பவில்லை. ஜனவரியில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.